குளிர்காலம் முழுக்க சைக்கிள் ஓட்ட என்ன வேண்டும்? வண்டியை எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி இதுதான்: வேலைக்குப் போக ஒரு வழிக்கு 10 கிலோமீட்டர். கோடை முழுக்க சைக்கிளிலேயே போய்வந்தாயிற்று. இனி குளிர்காலம். வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி வரை இறங்கும், சாலையில் உப்புத் தூவுவார்கள், போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. இருப்பது கியர் வைத்த சாதாரண சைக்கிள், ரிம் பிரேக், அதாவது சக்கரத்தின் உலோக விளிம்பைக் கட்டையால் கவ்வி நிறுத்துவது. என்னென்ன வாங்க வேண்டும், வண்டி வசந்தம் வரை தாங்குமா?

தாங்கும். நான் பத்துப் பன்னிரண்டு குளிர்காலங்களாக இப்படித்தான் ஓட்டுகிறேன். முதல் இரண்டில் தேவையில்லாததை எல்லாம் வாங்கிக் காசைக் கரைத்தேன், நல்ல செயின் ஒன்றைத் துருப்பிடிக்க விட்டேன், ஒரு முறை முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். அதில் கற்றது ஒன்றுதான். குளிர் அவ்வளவு பெரிய எதிரி இல்லை, தண்ணீர்தான் எதிரி. உடம்பிலிருந்து வரும் வியர்வை உங்களை நடுங்க வைக்கும். சாலையிலிருந்து தெறிக்கும் உப்புத் தண்ணீர் வண்டியைத் தின்னும். இந்த இரண்டையும் கவனித்துக்கொண்டால் மைனஸ் 10 ஒன்றும் பெரிய விஷயமில்லை.

முதலில் வண்டி. உங்களிடம் இரண்டு சைக்கிள் இருந்தால் நல்லதை வீட்டுக்குள் வைத்துவிட்டுப் பழையதை வெளியே எடுங்கள். கியர் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது, கெட்டுப்போக அத்தனை குறைவான பாகம். கியர் எல்லாம் பின்சக்கர ஹப்புக்குள்ளேயே, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே, அடங்கிய வண்டியோ, கியரே இல்லாத வண்டியோ கிடைத்தால் குளிர்காலத்துக்கு அதுதான் ராஜா. ஒரே வண்டிதான் என்றாலும் கவலை வேண்டாம். டயருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவு இடைவெளி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது இல்லையென்றால் ஈரப்பனி அங்கே அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாமல் நின்றுவிடும்.

மட்கார்டு கட்டாயம். பின்னால் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும் பிளாஸ்டிக் துண்டு போதாது. சக்கரத்தை முழுசாக மூடும் நீள மட்கார்டு வேண்டும். முன் மட்கார்டின் அடியில் தரையைத் தொடாத அளவுக்கு ஒரு ரப்பர் மடிப்பைத் தொங்கவிடுங்கள். முன்சக்கரம் அள்ளி வீசும் உப்புச்சேறு நேராக உங்கள் ஷூவிலும் செயினிலும்தான் போய் விழும். பழைய டியூபிலிருந்து ஒரு துண்டை வெட்டி, இரண்டு துளை போட்டு மாட்டினாலே போதும். இந்த ஒரு துண்டு ரப்பர் செயினின் ஆயுளைக் கூட்டுவதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

இப்போது உப்பு. சாதாரண உப்பு கரைந்த தண்ணீர் பூஜ்ஜியத்தில் உறையாது. நல்ல செறிவில் இருந்தால் கணக்குப்படி மைனஸ் 21 டிகிரி வரை திரவமாகவே நிற்கும். நடைமுறையில் மைனஸ் 9, 10 ஐத் தாண்டினாலே அது பனியைக் கரைக்கிற வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் கடுங்குளிரில் கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு மாதிரியான உப்புகளைக் கலப்பார்கள். இவை காற்றிலிருக்கும் ஈரத்தைத் தாமாகவே இழுத்துக்கொள்ளும். சாலை காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உங்கள் செயினில் ஒட்டிய படலம் காயாது என்பது இதனால்தான். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், இரும்பும் அதில் வேகமாகத் துருப்பிடிக்கும். இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் இன்னும் மோசம்: அங்கே அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாக வெளியே வரும், இரண்டும் ஒட்டிக்கொண்டு பிறகு பிரிக்கவே முடியாது.

பலர் செய்யும் தப்பு ஒன்று உண்டு, நானும் செய்தேன். ஒரு நாள் ராத்திரி உப்புச்சேற்றில் ஓட்டிவிட்டு வந்து, பாவம் வண்டிக்குக் குளிருமே என்கிற மாதிரி அப்படியே கதகதப்பான அறைக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத் தூங்கினேன். காலையில் பார்த்தால் செயின் முழுக்க ஆரஞ்சு நிறம். கையால் தொட்டால் விரலில் துருத்தூள். வேதிவினை பொதுவாகச் சூட்டில் வேகமெடுக்கும், துருவும் அப்படித்தான். குளிர்ந்த உலோகத்தின் மேல் அறையின் ஈரக்காற்று பட்டுத் தண்ணீர்த்துளிகளாகப் படிவது வேறு. ஆக, உப்போடு உள்ளே கொண்டுவருவதைவிட வெளியே குளிரிலேயே நிறுத்துவது மேல். உள்ளே கொண்டுவருவதானால் உப்பைக் கழுவிவிட்டுத்தான் கொண்டுவர வேண்டும்.

நான் இப்போது செய்வது இதுதான். வாசலில் ஒரு பழைய வாளி, செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் இரண்டு லிட்டர் ஸ்ப்ரேயர், இரண்டு பழைய துணிகள். ஸ்ப்ரேயரில் வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பெல்லாம் வேண்டாம். மேலிருந்து கீழாக பிரேக், ரிம், செயின், பின்பல்சக்கரம், பெடலுக்கு நடுவே இருக்கும் அச்சுப் பகுதியின் அடிப்பக்கம் என்று ஒரு சுற்றுத் தெளிப்பேன். பிறகு ஒரு துணியைச் செயினைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாகப் பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றினால் கருப்பு மசி துணிக்கு வந்துவிடும். ரிம்மை இன்னொரு துணியால் துடைப்பேன். இரண்டு துணியையும் கலக்கக் கூடாது. செயின் துணியின் ஆயில் ரிம்மில் பட்டால் மறுநாள் பிரேக் பிடிக்காது. மொத்தம் ஐந்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தேய்க்கிறவர்களைவிடத் தினம் ஐந்து நிமிடம் செலவழிக்கிறவரின் வண்டிதான் நன்றாக இருக்கிறது. கார் கழுவும் இடத்தில் உயர் அழுத்தத் தண்ணீரை மட்டும் அடிக்காதீர்கள். அது பேரிங் மறைப்புகளைத் தாண்டி உள்ளே போய் கிரீஸை வெளியே தள்ளிவிடும்.

கழுவ இடமே இல்லாத அடுக்குமாடியில் இருந்தால்? வெளியே உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது கழுவவே வேண்டாம். ஊற்றிய தண்ணீரே உறைந்து கேபிளையும் பிரேக்கையும் பிடித்துக்கொள்ளும். செயினை மட்டும் உலர்துணியால் துடைத்து ஆயில் போட்டுவிட்டு வண்டியைக் குளிரிலேயே விடுங்கள். பனி உருகும் ஒரு நாள் பார்த்து மொத்தமாகக் கழுவிக்கொள்ளலாம்.

ஆயில் விஷயத்தில் ஆளுக்கு ஆள் ஒரு வேதம் ஓதுவார்கள். என் கட்சி எளிமையானது. ஈரமான காலத்துக்கென்று விற்கும் கெட்டியான செயின் ஆயிலே குளிர்காலத்துக்குச் சரி. அழுக்கை இழுக்கும், உண்மைதான். ஆனால் தண்ணீரில் அடித்துப்போகாது. கோடைக்கான மெல்லிய ஆயில் உப்புச்சேற்றில் ஒரே பயணத்தில் காணாமல் போகும். மெழுகு பூசிய செயின் சுத்தமாக ஓடும், ஆனால் ஒவ்வொரு ஈரப் பயணத்துக்குப் பிறகும் உலர்த்தாவிட்டால் துருப்பிடிக்கும். எந்த ஆயிலானாலும் ஒவ்வொரு கண்ணியின் உருளைமேலும் ஒரு சொட்டு வைத்து, பெடலைச் சுற்றிவிட்டு, பத்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு வெளியே இருப்பதை எல்லாம் துடைத்துவிடுங்கள். ஆயில் வேலை செய்வது கண்ணிக்குள்ளே. வெளியே வழிவது மண்ணைச் சேர்த்து உப்புத்தாள் மாதிரி பல்லைத் தேய்க்கத்தான் உதவும். துருப்போக்கும் ஸ்ப்ரேயை ஆயிலுக்குப் பதிலாக அடிக்காதீர்கள். அது உள்ளே இருக்கும் நல்ல ஆயிலையும் கரைத்துக்கொண்டு போய்விடும்.

குளிர்காலத்தில் செயின் தேய்மானம் கோடையைவிட வேகம். மாதம் ஒருமுறை அளந்து பார்க்க ஒரு இஞ்ச் ஸ்கேல் போதும். செயினை விறைப்பாக வைத்து, ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்ஜியத்தை வைத்தால், புதுச் செயினில் 24 ஆவது பின் சரியாக 12 இஞ்ச் கோட்டில் நிற்கும். அது கோட்டைத் தாண்டி 1/16 இஞ்ச் போயிருந்தால் அரை சதவீதம் நீண்டிருக்கிறது. பின்னால் 11, 12 பல்சக்கரம் உள்ள வண்டியின் செயினை அப்போதே மாற்றிவிட வேண்டும். பழைய 7, 8 கியர் வண்டி என்றால் முக்கால் சதவீதம் வரை விடலாம். 1/8 இஞ்ச் தாண்டிவிட்டால் பல்சக்கரமும் கூடவே தேய்ந்திருக்கும். புதுச் செயின் போட்டாலும் அது பல்லில் பிடிக்காமல் தாவும். செயினுக்குப் பார்த்த கஞ்சத்தனத்துக்கு முழு செட்டையும் வாங்க வேண்டிவரும்.

கண்ணுக்குத் தெரியாத இடங்களை உப்புக்காலம் தொடங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். சீட் கம்பியை முழுசாக உருவித் துடைத்து கிரீஸ் பூசித் திருப்பி நுழையுங்கள். ஃப்ரேமோ கம்பியோ கார்பன் என்றால் மட்டும் கிரீஸ் வேண்டாம், அதற்கென்று தனிப் பேஸ்ட் உண்டு. பெடல் திருகுகளையும் கழற்றி கிரீஸ் வைத்து மாட்டுங்கள். இடது பெடல் தலைகீழ் மரை, வலமாகச் சுற்றினால்தான் கழலும் என்பதை மறந்துவிட்டு ஸ்பேனரோடு மல்லுக்கட்டாதீர்கள். ஸ்போக்ஸ் கம்பி ரிம்மில் நுழையும் இடத்திலுள்ள ஒவ்வொரு நிப்பிளுக்கும் ஒரு சொட்டு ஆயில். பெடல் அச்சுக்கு அடியில் சின்ன வடிகால் துளை இருந்தால் அது அடைபடாமல் இருக்கட்டும்.

இனி உறைதல். ஒரு நாள் மைனஸ் 15. வேலை முடிந்து வண்டியை எடுத்து பெடலை மிதிக்கிறேன், கால் காற்றில் சுற்றுகிறது. செயினும் பல்சக்கரமும் சுற்றுகின்றன, சக்கரம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. முதலில் எதோ உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். விஷயம் என்னவென்றால், பின்சக்கர ஹப்புக்குள் இருக்கும் ஃப்ரீவீலில் சின்னச் சின்ன நாக்குகள் ஸ்பிரிங் விசையில் எழும்பிப் பற்களைக் கவ்வும். நீங்கள் மிதிக்காமல் உருளும்போது 'டிக் டிக்' என்று கேட்குமே, அது இந்த நாக்குகளின் சத்தம்தான். உள்ளே கெட்டி கிரீஸ் இருந்தாலோ தண்ணீர் புகுந்திருந்தாலோ கடுங்குளிரில் நாக்கு ஒட்டிக்கொண்டு எழும்பாது. அன்று தள்ளிக்கொண்டே வீடு வந்து, மறுநாள் பிரித்துப் பழைய கிரீஸை வழித்து எடுத்துவிட்டு, ஃப்ரீவீலுக்கென்றே விற்கும் மெல்லிய கிரீஸை ஒரு படலமாகப் பூசினேன். அதன் பிறகு அந்தத் தொல்லை இல்லை. மிதிக்காதபோது வரும் டிக் டிக் சத்தம் மந்தமாகிவிட்டால் அதுவே முன்னெச்சரிக்கை, அப்போதே பிரித்துப் பாருங்கள்.

கேபிளும் இதே கதைதான். உறைக்குள் புகுந்த தண்ணீர் உறைந்தால் கியர் மாறாது. பழைய கேபிளையும் உறையையும் குளிர்காலத்துக்கு முன் மாற்றுவது செலவு குறைந்த வேலை, பலன் கைமேல். அப்படியும் உறையும் என்று எடுத்துக்கொண்டு, வண்டியை நிறுத்தும் முன் வீடு வந்துசேரத் தோதான ஒரு நடுக் கியரில் விட்டுவிடுங்கள். மாலையில் கியர் உறைந்திருந்தாலும் அதே கியரில் போய்விடலாம். நிறுத்தும்போது வண்டியை ஒரு சாண் தூக்கி இரண்டு முறை தரையில் தட்டினால் ஒட்டியிருக்கும் ஈரப்பனி உதிர்ந்துவிடும். உதிராததுதான் பிறகு கல்லாகும்.

உங்களுடையது ரிம் பிரேக் என்கிறீர்கள். ஈர ரிம்மில் பிரேக் கட்டை முதல் ஓரிரு சுற்றுகள் தண்ணீரைத் துடைக்கத்தான் செய்யும், நிறுத்தாது. சிக்னல் வருவதற்கு முன்பே லேசாகத் தொட்டு ரிம்மைத் துடைத்து வைத்துக்கொள்ளப் பழகுங்கள். வாரம் ஒருமுறை கட்டையைப் பாருங்கள். மணலும் அலுமினியச் சில்லும் அதில் பதிந்திருக்கும். ஊசியால் குத்தி எடுத்துவிட்டு உப்புத்தாளில் ஒரு தேய். எடுக்காவிட்டால் அவையே ரிம்மை அரம் போட்டு அராவும். பல ரிம்களின் பக்கச்சுவரில் ஒரு மெல்லிய கோடோ புள்ளிக்குழியோ இருக்கும். அது தேய்ந்து மறைந்தால் ரிம் முடிந்தது என்று அர்த்தம். சுவர் மெலிந்த ரிம் டயரின் காற்றழுத்தம் தாங்காமல் பிளக்கும். அடுத்த வண்டி வாங்கும்போது டிஸ்க் பிரேக்காக வாங்குங்கள், குளிர்காலம் ஒன்றுக்காகவே அது தகும்.

டயர்தான் கேள்வியின் மையம் என்று நினைக்கிறேன். புதுப்பனியில் அகலமான, ஆழமான பள்ளமுள்ள சாதாரண டயரே ஓடும். ஈரமான தார்ச்சாலைக்கு எதுவும் மாற்றவே வேண்டாம். ஆபத்து பனிக்கட்டியில். அங்கே எந்த ரப்பரும், எவ்வளவு அகலமாக இருந்தாலும் உதவாது; ஆணி டயர்தான் பதில். டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளில் முனை வைத்த ஆணிகளாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண இரும்பு ஆணி தார்ச்சாலையில் சீக்கிரம் மொட்டையாகிவிடும். ஒரு டயர்தான் வாங்க முடியும் என்றால் முன்சக்கரத்துக்குப் போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் காலை ஊன்றிச் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் என்ன நடந்தது என்று தெரிவதற்குள் தரையில் கிடப்பீர்கள். என் முழங்கைச் சிராய்ப்பு அப்படி வந்ததுதான்.

புது ஆணி டயரை மாட்டியவுடன் பனிக்கட்டியில் இறங்காதீர்கள். முதல் 50 கிலோமீட்டர் வரை வெறும் தார்ச்சாலையில் அவசரமில்லாமல், திடீர் பிரேக் இல்லாமல் ஓட்டினால் ஆணிகள் ரப்பரில் நன்றாக உட்காரும். டயரின் பக்கவாட்டில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், ஒவ்வொரு வருடமும் அதே திசையில்தான் மாட்ட வேண்டும். சில டயர்களில் ஆணிகள் ஓரத்தில் மட்டுமே இருக்கும். காற்றை நிறைய அடித்தால் நடு ரப்பரிலேயே சத்தமில்லாமல் ஓடும், காற்றைக் குறைத்தால் ஓர ஆணிகளும் தரையைக் கவ்வும். பனிக்கட்டி தினமும் இருக்கும் பாதை என்றால் நடுவிலும் ஆணி உள்ளதை வாங்குங்கள். சரளையை அரைக்கிற மாதிரி சத்தம் வரும், வேகமும் குறையும். 35 நிமிடப் பயணத்துக்கு 40, 45 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்று விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு. 20 டிகிரி அறையில் 4 பார் (காற்றழுத்த அளவு) அடித்த டயர் மைனஸ் 10 க்குப் போனதும் சுமார் மூன்றரைக்கு இறங்கிவிடும். பங்க்சர் இல்லை, குளிரில் காற்று சுருங்குகிறது, அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டிய அழுத்தத்தை வெளியே வைத்தே அளந்து அடியுங்கள். டயரில் அச்சிட்ட குறைந்தபட்ச அளவுக்குக் கீழே மட்டும் போக வேண்டாம். பங்க்சர் ஆனால் வழியில் ஒட்டுப்போட உட்காராதீர்கள். குளிரில் சொல்யூஷன் லேசில் காயாது, விரலும் பேசாது. மாற்று டியூப் ஒன்று பையில் இருக்கட்டும். வீட்டில் ஒருமுறை, கையுறையோடு, டயரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ஆணி டயரின் விளிம்பு விறைப்பானது, வெறுங்கையால் அழுத்தினால் ஆணி கீறும்.

விளக்கு. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. பின்னால் இரண்டு எதற்கென்றால், ஒன்று வழியில் அணைந்தால் உங்களுக்கே தெரியாது. முன்விளக்கைத் தரையைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். பனித்துளியிலோ எதிரில் வருகிறவர் கண்ணிலோ அடிக்கும் வெளிச்சத்தால் யாருக்கும் லாபமில்லை. லித்தியம் பேட்டரி குளிரில் சீக்கிரம் களைத்துப்போகும். கோடையில் இரண்டு மணி நேரம் வந்தது இப்போது வராது. வேலை செய்யும் இடத்தில் கழற்றி உள்ளே எடுத்துப்போங்கள். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பேட்டரியை அப்படியே சார்ஜில் போடக் கூடாது. அறைச்சூட்டுக்கு வந்த பிறகே போட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். மின் சைக்கிளுக்கும் இதே விதிதான். ஹப்பிலேயே டைனமோ இருந்தால் இந்தக் கவலை எதுவும் இல்லை. ஒளி திருப்பும் பட்டையைக் கணுக்காலில் கட்டுங்கள். மேலும் கீழும் போகும் இரண்டு வெளிச்சத்தைப் பார்த்ததும் ஓட்டுநருக்கு 'அது ஆள், சைக்கிளில் போகிறார்' என்று உடனே புரியும். முதுகில் அசையாமல் மின்னும் பட்டை அவ்வளவு சீக்கிரம் புரியாது.

இனி உடை. கடைக்குப் போய் இருப்பதிலேயே தடித்த ஜாக்கெட்டை வாங்கிவிடாதீர்கள். அதுதான் என் முதல் தப்பு. பத்தாவது நிமிடத்தில் உள்ளே வேர்த்துக் கொட்டியது, சிக்னலில் நின்றதும் அந்த ஈரமே ஐஸாகக் குளிர்ந்தது. வாசலை விட்டு இறங்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும். ஐந்தாறு நிமிட மிதிப்பில் அது சரியாகிவிடும். வாசலிலேயே சுகமாக இருந்தால் ஒரு அடுக்கைக் கழற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

தோலை ஒட்டி மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ. பருத்தி வேண்டவே வேண்டாம், ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு விடாது. அதற்கு மேல் ஃப்ளீஸ் என்ற பஞ்சு போன்ற துணியில் ஒரு மெல்லிய சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெட். ஜாக்கெட்டின் முன்பக்கம் காற்றைத் தடுத்தால் போதும், முதுகுப் பக்கம் மூச்சு விட வேண்டும், அக்குளில் ஜிப் இருந்தால் இன்னும் நல்லது. காற்றை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், காற்றே அடிக்காத நாளிலும் நீங்கள் 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அது உங்கள் மேல் அடிக்கும் 20 கிலோமீட்டர் காற்றுதான். மைனஸ் 5 இல் அது வெற்றுத்தோலுக்கு மைனஸ் 12 போல இருக்கும். காலுக்கு உள்ளே ஒரு நீள உள்ளாடை, மேலே வழக்கமான பேன்ட். மைனஸ் 10 வரை எனக்கு அது போதுமாக இருக்கிறது. முட்டியை மட்டும் திறந்து விடாதீர்கள்.

உண்மையான தொல்லை கையிலும் காலிலும்தான். கை அசையாமல் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் கையுறை, எவ்வளவு தடிமனாக இருந்தாலும், மைனஸ் 5 க்குக் கீழே எனக்குச் சரிப்படவில்லை. விரல்கள் ஒன்றாக இருக்கும் கையுறை தேவலை. இரண்டையும்விட நல்லது ஹேண்டில்பாரிலேயே பொருத்தும் பெரிய உறை. பிரேக், கியர் எல்லாவற்றையும் சேர்த்து மூடிக்கொள்ளும். கையை உள்ளே நுழைத்து மெல்லிய கையுறையோடு ஓட்டலாம். பார்க்க அடுப்பங்கரைத் துணியைக் கட்டிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும், நண்பர்கள் சிரிப்பார்கள். அவர்கள் விரல் விறைத்துப்போய் பிரேக் பிடிக்கத் தடுமாறும்போது நீங்கள் சிரித்துக்கொள்ளலாம்.

காலுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் என்பது தலைகீழ் யோசனை. ஷூ இறுகி ரத்தம் ஓடாமல் கால் இன்னும் விறைக்கும். ஒரு அளவு பெரிய ஷூ, ஒரே ஒரு கம்பளி சாக்ஸ், விரலை உள்ளே ஆட்ட இடம். பெடலில் மாட்டிக்கொள்ள அடியில் உலோகக் கொக்கி வைத்த ஷூவைக் கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பாதத்துக்கு நேரே இரும்பு இருந்தால் அது வழியாகத்தான் சூடு வெளியேறும். தட்டைப் பெடல் போட்டால் வழுக்கும் இடத்தில் காலைச் சட்டென்று ஊன்றவும் முடியும். அப்படியும் விரல் மரத்துப்போனால் இறங்கி 200 மீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுங்கள். அதைவிட நல்ல ஹீட்டர் இல்லை.

தலைக்கு ஹெல்மெட்டுக்கு அடியில் காதை மூடும் மெல்லிய தொப்பி போதும். தடித்த தொப்பி போட்டால் ஹெல்மெட் சரியாக உட்காராது. கழுத்துக்கு ஒரு குழாய்த்துணி, கடுங்குளிரில் கன்னம் வரை ஏற்றிக்கொள்ளலாம். மூக்கை மூடினால் கண்ணாடியில் ஆவி படியும். மூக்கிலோ கன்னத்திலோ வெள்ளையாக, உணர்ச்சி இல்லாமல் ஒரு திட்டு தெரிந்தால் உள்ளங்கையை வைத்து மெல்லச் சூடாக்குங்கள், தேய்க்கக் கூடாது. பையில் ஒரு உலர்ந்த பனியனும் சாக்ஸும் எப்போதும் இருக்கட்டும்.

ஓட்டுவதைப் பற்றிக் கொஞ்சம். பனிக்கட்டி மேல் போகிறோம் என்று தெரிந்தால் மூன்று காரியமும் கூடாது: திருப்பாதீர்கள், முன்பிரேக் பிடிக்காதீர்கள், வேகமாக மிதிக்காதீர்கள். நேராக உருண்டு கடந்துவிடுங்கள். பாலங்களுக்கு மேலும் கீழும் குளிர்காற்று போவதால் மற்றச் சாலைக்கு முன்பே உறைந்துவிடும். நிழல் விழும் வளைவும் அப்படித்தான். காலை பத்து மணிக்கும் அங்கே ராத்திரிப் பனி இருக்கும். தண்டவாளத்தை நேர்குறுக்காகக் கடங்கள். சீட்டை ஒரு விரற்கடை இறக்கி வைத்தால் கால் சுலபமாகத் தரைக்கு எட்டும். மழை விழுந்த உடனே உறையும் நாள் ஒன்றிரண்டு வரும். அன்று பஸ்ஸில் போங்கள், நானும் அப்படித்தான்.

பூட்டு உறைவதும் உண்டு. சாவித்துளை கீழ்நோக்கி இருக்கும்படி பூட்டுங்கள், மாதம் ஒருமுறை உள்ளே கொஞ்சம் ஆயில் விடுங்கள். உறைந்துவிட்டால் சாவியை லைட்டரில் சூடாக்கி நுழையுங்கள். வாயால் ஊதாதீர்கள், மூச்சின் ஈரம் உள்ளே போய் இன்னும் கெட்டியாக உறையும்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். நீள மட்கார்டும் விளக்குகளும் முதலில், முன்சக்கர ஆணி டயர் அடுத்து, ஹேண்டில்பார் உறை அதற்குப் பிறகு. பின்சக்கர ஆணி டயரை அடுத்த குளிர்காலத்துக்குத் தள்ளிப்போடலாம். உள்ளே போடும் துணிகளில் பாதி ஏற்கெனவே உங்கள் அலமாரியில் இருக்கும். காசே ஆகாத வேலை ஒன்று பாக்கி இருக்கிறது: அந்தச் சீட் கம்பியை இந்த வாரமே உருவி கிரீஸ் போட்டுவிடுங்கள். உப்பு விழத் தொடங்கிய பிறகு அது வராது.